யோசெப் அத்தான் கட்டிய குளியலறை

என் அத்தான் யோசெப்புக்கு முன்னால் "ஆரையும் கூப்பிட்டுச் செய்விப்பம்" என்று யாராவது சொன்னால், சொன்னவருக்கு அன்றைக்கு ஒரு பிளேன்ரீகூடக் கிடைக்காது. எஞ்சின் பழுதென்றால் அவரே கழற்றுவார். வலை கிழிந்தால் அவரே பொத்துவார். பைபர் வள்ளத்தில் ஓட்டை விழுந்தால் றெசின் பசையைக் கரைத்து, பைபர்த் துணியை வெட்டி ஒட்டிக் காயவிட்டு, அதே வள்ளத்தில் மறுநாள் கடலுக்குப் போவார். நாயாற்றுக் கரையில் அவர் கை படாத வள்ளம் குறைவு. ஒருமுறை தன்னுடைய கடைவாய்ப் பல்லைத் தானே குறட்டால் பிடுங்கப்போய், பாதியில் முறித்து, கன்னம் பணிஸ் மாதிரி வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போனார். என்னுடைய ஓட்டோவில்தான் கொண்டுபோனேன். வழி முழுக்க, குறடு சரியில்லை என்றே முனகிக்கொண்டு வந்தார்.

அவர் என் அக்கா கிறேஸின் கணவர். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவர்கள் இருந்ததெல்லாம் கொட்டில்களில்தான். முதலில் ஓலைக் கொட்டில், சண்டையில் இடம்பெயர்ந்தபோது தறப்பாள் கூடாரம், பிறகு முகாம், திரும்பி வந்தபின் தகரக் கொட்டில். அக்கா ஆயுள் முழுக்கக் கிணற்றடியில் சேலையை மறைப்பாகக் கட்டிக் குளித்தவள். கடைசியில் வீட்டுத்திட்டத்தில் ஒரு கல்வீடு கிடைத்தது. அப்போது அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், குளிக்கிற இடம் வீட்டுக்கு உள்ளே இருக்க வேண்டும் என்று. வரைபடத்தில் அது இல்லை. அதற்கென்ன, நான் கட்டுகிறேன் என்று அத்தான் அறையோடு சேர்த்து, கக்கூசும் உள்ளே வருகிற மாதிரி, ஒரு பாத்றூமுக்குச் சுவர் எழுப்பினார்.

சுவருக்கு ஒட்டும் ரைல்களை அக்காவே முல்லைத்தீவில் ஒரு கடைக்கு வந்து தெரிந்தெடுத்தாள். அப்போதே அவளுக்குச் சிறுநீரகம் பழுதாகி முகமெல்லாம் ஊதியிருந்தது. கடைக்காரர் கதிரை போட்டுக் கொடுத்தார். உட்கார்ந்தபடி ஒவ்வொரு ரைலாக வாங்கிக் கையால் தடவிப் பார்த்தாள். வெளிர் நீலத்தில் வெள்ளைப் பூப்போட்ட ஒன்று அவளுக்குப் பிடித்திருந்தது. அந்த ரைல்கள் சுவரில் ஏறுவதற்கு முன்பே அக்கா போய்விட்டாள்.

மகள் ஆன்சலா அவர்களுக்கு ஒரே பிள்ளை. பூவரசங்குளத்தில் கலியாணம் முடித்து இருக்கிறாள். அவள் பிள்ளைத்தாச்சி என்ற செய்தி வந்தபோது அத்தான் கரையில் நின்ற எல்லோருக்கும் மீன் அள்ளிக் கொடுத்தார். எங்கள் பக்கத்தில் தலைப்பிள்ளைப் பேறு தாய்வீட்டில்தான். மாதம் நெருங்க மகளைக் கூட்டிவந்து, பெற்றபின் இலை அவித்த தண்ணீர் வார்த்துக் குளிப்பாட்டி, மிளகும் சீரகமும் இடித்துப் போட்ட சரக்குக் கறி கொடுத்து, உடம்பு தேறியபின்தான் தாயையும் பிள்ளையையும் புருசன் வீட்டுக்கு அனுப்புவார்கள். எல்லாம் தாய் நின்று செய்கிற வேலை. தாய்தான் இல்லையே.

அதைத்தான் ஆன்சலாவின் மாமியார் போனில் எடுத்துச் சொன்னார்.

"அண்ணை, கிறேஸக்கா இருந்திருந்தா நான் வாயே திறக்கமாட்டன். ஆம்பிளை நீங்கள் தனிய என்னத்தைச் செய்வியள்? பிள்ளை இஞ்சயே இருக்கட்டும். என்ர மகளைப்போல பாப்பன்."

நல்ல மனுசி. சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. பிழை இருந்திருந்தால் அத்தான் சண்டை பிடித்துவிட்டு ஆறியிருப்பார். இல்லாதபடியால்தான் அது அவருடைய நெஞ்சில் போய்க் குந்திக்கொண்டது. அன்றைக்குப் பின்னேரம் நான் ஓட்டோ நிறுத்துகிற இடத்துக்கு வந்து, பின் சீற்றில் ஏறி இருந்தார்.

"றொமேஸ், தாய் செத்தா தாய்வீடும் செத்துப்போச்சோடா?" என்றார்.

எதற்கும் ஒரு நக்கல் வைத்திருக்கிறவன் நான். அன்றைக்கு ஓட்டோக் கண்ணாடியைத்தான் துடைத்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு மனுசன் அடங்கவில்லை. தண்ணீர் வார்க்கப் பக்கத்து ஒழுங்கைப் பேச்சியம்மாவைப் பேசி வைத்தார். பத்தியம் சமைக்க என் மனைவியைக் கேட்டார். தாய்க்குப் பால் ஊற வைக்கிற பால்சுறாவைத் தானே பிடித்து வருவேன், வாங்குகிற மீன் சரிவராது என்றார். எல்லாவற்றையும் ஆயத்தப்படுத்திக்கொண்டு மகளுக்குப் போன் எடுத்தார். ஆன்சலாவுக்கும் அப்பா வீட்டுக்கு வரத்தான் ஆசை. ஆனால் முந்தி வந்தபோது பின்வளவுக் கக்கூசுக்கு மழைக்குள் நடந்து சறுக்கப் பார்த்தவள்.

"பாத்றூம் உள்ளுக்க எண்டா நான் வாறன் அப்பா. மாமியோட நான் கதைக்கிறன்."

அந்தச் சொல்லை அத்தான் ஊர் முழுக்கக் கொண்டு திரிந்தார்.

நாள் நெருங்கியபடியால் நான் வற்புறுத்திப் பிடித்துவிட்ட மேசன் வந்து பைப் இறக்கினான், ரைல் ஒட்டினான். தாங்கியில் தண்ணீர் நிரப்பித் திறந்துவிட்டார்கள். பைப்பில் தண்ணீர் வந்தது. ஆனால் மறுநாள் பார்த்தால், பாத்றூமுக்கு மறுபக்கத்து அறைச் சுவர் ஊறிப்போய் இருந்தது. அதுதான் ஆன்சலாவுக்கென்று கட்டில் போட்ட அறை. கட்டிலின் தலைமாட்டில், புதுப் பெயின்ரில், ஒரு பெரிய ஈர வட்டம். கையை வைத்தால் குளிர்ந்தது. மேசனுக்குப் போன் எடுத்தால் அவன் மன்னாரில் நிற்கிறானாம்.

நான் அத்தானைக் கேட்காமலே சுமன் என்ற பைப் வேலைக்காரனை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். அவன் சுவரைத் தட்டிப் பார்த்தான்.

"உள்ளுக்க எங்கயோ மூட்டு விட்டிருக்கு அண்ணை. ரைலை உடைச்சாத்தான் பாக்கலாம். ஒரு வரிசை போகும். வேற ரைல் மிச்சம் கிடக்கோ?"

கிடக்கவில்லை. கடையிலும் அந்தப் பூ இப்போது வருவதில்லை. அத்தான் சுமனின் கையிலிருந்த சுத்தியலைப் பார்த்தார்.

"ரைலில கை வைக்காத. நீ போயிற்று வா தம்பி. நான் பாக்கிறன்."

அவர் பார்த்த விதத்தைச் சொல்கிறேன். முன்பக்கத்தால் ரைலை உடைக்க வேண்டாம், பின்பக்கத்தால் போவோம் என்று அறைச் சுவரைக் கொத்தினார். அதில் ஒரு கெட்டித்தனம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். சீமெந்தைப் பிய்த்துப் பைப்பின் வளைவைக் கண்டுபிடித்தார். அந்த மூட்டில்தான் தண்ணீர் கசிந்தது. அதற்குப் பிறகு ஒரு சாதாரண மனிதன் கடைக்குப் போய்ப் பைப் ஒட்டுகிற கம் வாங்கிவந்திருப்பான். அத்தான் கரைக்குப் போய் றெசின் வாளியை எடுத்துவந்தார். மூட்டை உடுத்திருந்த சாரத்தால் துடைத்தார். பைபர்த் துணியைச் சுற்றினார். வள்ளத்துக்குப் பூசுகிற மாதிரி மேலே றெசினைப் பூசினார்.

காய்ந்தபின் ஒரு சிரட்டையில் தண்ணீர் எடுத்து, ஒட்டின இடத்தின் மேலே மெல்ல ஊற்றினார்.

"பாத்தியே, ஒரு சொட்டு உள்ளுக்கு இறங்கேல்ல."

"அத்தான், தண்ணி பைப்புக்கு உள்ளயல்லோ ஓடுறது?"

"மேலால நிண்டா உள்ளாலயும் நிக்கும். கடலையே மறிச்ச றெசின். ஒரு தாங்கித் தண்ணியை மறிக்காதோ?"

பாவம் மனுசன். வெளியே இருக்கிற தண்ணீரை உள்ளே விடாமல் வைக்கத்தான் ஆயுள் முழுக்கப் படித்தவர். வள்ளத்தில் ஒட்டிய துண்டைக் கடல்தானே வெளியிலிருந்து அழுத்திப் பிடித்துக்கொள்ளும். இங்கே தண்ணீர் உள்ளேயிருந்து தள்ளுகிறது. அதை அவருடைய கை அறியாது. அந்தக் கையைத்தான் அவர் கடைசிவரை நம்பினார்.

முதல் ஒட்டு கொஞ்ச நாள் நின்றது. சுவரைப் பூசி, பெயின்ர் அடித்து, எங்களுக்கெல்லாம் இறால் பொரித்துத் தந்தார். பிறகு வட்டம் திரும்ப வந்தது. சுவரைத் திரும்பக் கொத்தினார், பழைய ஒட்டின் மேலே இன்னொரு ஒட்டுப் போட்டார். அதுவும் கசிந்தது. சைக்கிள் ரியூப்பைக் கீறி இறுக்கிக் கட்டி, அதற்கு மேலும் றெசின். கடைசியில் அந்த மூட்டு ஒரு தேங்காயளவு வந்துவிட்டது. கடலுக்குப் போவதும் குறைந்தது. காலையில் போய்ப் பார்த்தால் மனுசன் தலைமாட்டுச் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, காய்ச்சல் பார்க்கிற மாதிரி நிற்பார்.

ஒரு நாள் எனக்குப் பொறுமை கெட்டுவிட்டது.

"உடையுங்கோ அத்தான் அந்தக் கோதாரி ரைலை! அக்கா என்ன ரைலுக்குள்ளயே இருக்கிறா?"

அவர் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. றெசின் ஒட்டிய விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டு நின்றார்.

"இந்த வீட்டில அவள் கை வைச்சது அது ஒண்டிலதான்ரா."

அதற்குப் பிறகு நான் ரைலைப் பற்றிக் கதைக்கவில்லை. யார் கதைப்பார்கள்? என் அக்காதானே. எனக்கும் அந்த நீலத்தைப் பார்த்தால் அவள் கதிரையில் இருந்து தடவினதுதான் ஞாபகம் வரும்.

ஆன்சலா வருகிற ஞாயிறும் வந்தது. சுவர் காய்ந்துதான் இருந்தது. புதுப் பெயின்ர், யன்னலுக்குப் புதுத் திரைச்சீலை, கட்டிலில் புது மெத்தை, மூலையில் பிள்ளைக்கு ஏணை கட்ட வளையம். அத்தான் பூசை முடிந்து வந்து, சேட்டைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றார். நான் மட்டும் அறைக்குள் போனதும் மூக்கைப் பொத்தினேன். றெசின் மணம். பூட்டின அறைக்குள் நாட்கணக்காக அடைந்து கிடந்து, தொண்டையில் பிடிக்கிற மணம்.

"அத்தான், மணக்குது."

"என்ன மணம்?" என்று கேட்டார். உண்மையாகவே கேட்டார். அவருக்கு அது வள்ளத்தின் மணம். பிறந்ததிலிருந்து அதற்குள் கிடந்தவருக்கு அது தெரியவே தெரியாது.

வான் வந்து நின்றது. மருமகன் பெட்டியை இறக்கினார். மாமியார் ஆன்சலாவின் கையைப் பிடித்து இறக்கினார். வயிறு நன்றாக இறங்கியிருந்தது. அறைக்குள் வந்ததும் அவளுடைய கை தன்பாட்டில் மூக்குக்குப் போனதைக் கண்டேன். அப்பா பார்க்கிறார் என்று தெரிந்ததும் அந்தக் கையால் தலைமயிரை ஒதுக்கினாள்.

"நல்ல வடிவா இருக்கப்பா. நான் முதல்ல குளிச்சிட்டு வாறன்."

அவளுக்குக் குளிக்கத் தேவையே இல்லை. அப்பாவுக்காகத்தான் போனாள். அத்தான் கதவுக்கு வெளியே நின்று, "இடப்பக்கம் திருப்பு பிள்ளை, மேலால மழை மாதிரி வரும்" என்று சொல்லிக்கொடுத்தார். உள்ளே தண்ணீர் விழத் தொடங்கியது. அவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். அவ்வளவு சந்தோசமான முகத்தை நான் அதற்கு முன் ஒருநாளும் அவரிடம் கண்டதில்லை.

அறைக்குள் ஏதோ உடைந்து விழுகிற சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் தலைமாட்டுச் சுவரில் புதுப் பூச்சு பலகையாகப் பெயர்ந்து மெத்தையில் கிடந்தது. அந்தத் தேங்காயளவு ஒட்டு முழுசாகக் கழன்று கூடவே விழுந்திருந்தது. தண்ணீர் பீறிட்டு, மெத்தை, தலையணை, பெட்டி எல்லாவற்றிலும் அடித்தது. அத்தான் கட்டிலின்மேல் பாய்ந்து ஏறி இரண்டு உள்ளங்கைகளையும் ஓட்டையில் வைத்து அழுத்தினார். விரல்களுக்கு இடையால் அவருடைய முகத்திலேயே அடித்தது. நான் வெளியே ஓடி, தாங்கியில் ஏறி வால்வைப் பூட்டினேன். திரும்பி வந்தபோது தண்ணீர் நின்றிருந்தது. அவர் மட்டும் கையை எடுக்கவில்லை.

"நிண்டிட்டுது அத்தான். விடுங்கோ."

விடவில்லை. நான்தான் போய்க் கையைப் பிடித்து எடுத்தேன்.

ஆன்சலா தலையில் சவர்க்கார நுரையோடு, சட்டையை ஈரத்துக்கு மேலே போட்டுக்கொண்டு வந்தாள். அறையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். சுவர் திறந்ததும் அந்த மணம் இன்னும் கிளம்பியிருந்தது. இரண்டாவது மூச்சிலேயே வாயைப் பொத்திக்கொண்டு முற்றத்துக்கு ஓடிச் சத்தி எடுத்தாள். மாமியார் பின்னால் போய் முதுகைத் தடவிவிட்டார். கிணற்றடிக்குக் கூட்டிப்போய், தண்ணீர் அள்ளி, தலையிலிருந்த நுரையைக் கழுவினார். என் அக்கா சேலை மறைப்புக் கட்டிக் குளித்த கிணற்றடியில், எட்டாம் மாத வயிற்றோடு அவள் குனிந்து நின்றாள். அத்தான் அறை வாசலில் நின்று அதைப் பார்த்தார்.

"நான் இருக்கிறனப்பா," என்றாள் ஆன்சலா, துவாயால் தலையைச் சுற்றிக்கொண்டு. "விறாந்தையில படுக்கலாம். மணம் ரெண்டு நாளில போயிடும்."

மாமியார் குரலை உயர்த்தவில்லை.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. பச்சை உடம்புக்காரியும் பச்சைப் பிள்ளையும் இந்த மணத்துக்க எப்பிடிப் படுக்கிறது? நான் ஒண்டும் சொல்லேல்ல. நீங்கள்தான் தகப்பன். நீங்களே சொல்லுங்கோ."

மாமியார் அப்படி விட்டுக்கொடுத்திருக்கக் கூடாது. "நான் கூட்டிக்கொண்டு போறன்" என்று அவரே சொல்லியிருந்தால் அத்தான் அவரைத் திட்டித் திட்டியாவது மிச்ச நாட்களைக் கழித்திருப்பார். அத்தான் திரும்பி ஊறிக் கிடந்த மெத்தையைப் பார்த்தார். சேட்டிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

"கூட்டிக்கொண்டு போங்கோ தங்கச்சி."

"அப்பா!"

"போ பிள்ளை. பிள்ளை பெத்தவ படுக்கிற வீடில்லை இது."

அவள் அழுதுகொண்டு அவருடைய ஈரச் சேட்டைப் பிடித்தாள். அவர் அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். குசினிக்குப் போய், பேச்சியம்மா இடித்து வைத்திருந்த சரக்குத்தூள் போத்தலை எடுத்துவந்து மாமியாரின் கையில் கொடுத்தார். பால்சுறாவோடு போடுங்கோ, உறைப்புக் குறைச்சு வையுங்கோ, அவளுக்குச் சின்னனிலயிருந்தே உறைப்பு ஆகாது என்று சொன்னார். ஒரு தாய் சொல்கிற மாதிரியே சொன்னார். வான் போனபின் நான் முற்றத்து வேலியில் சாய்ந்து நின்று அழுதேன். அவர் ஊறின மெத்தையை வெயிலில் போட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் சுமனைக் கூட்டிவரச் சொல்லி அவரே எனக்குப் போன் எடுத்தார். ஒரு வேலைக்கு ஆளைக் கூப்பிடச் சொல்லி அவருடைய வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தரம். றெசின் பிடித்த பைப்பை முழுசாக மாற்ற ரைல் பக்கத்தால்தான் கை போகும் என்று சொல்லிச் சுமன் சுத்தியலை எடுத்ததும் அத்தான் வீட்டில் நிற்கவில்லை. கரைக்குப் போய், ஒரு பழுதும் இல்லாத எஞ்சினைக் கழற்றி மண்ணில் பரப்பி வைத்துக்கொண்டு இருந்தார். ரைல் உடைகிற சத்தத்தை நான்தான் கேட்டேன். மேசன் அந்த ஒரு மூட்டை மட்டும் கம் பூசாமல் சும்மா செருகிவிட்டுப் போயிருக்கிறான். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னமே சுமன் வேலையை முடித்து, நீலத்துக்கு நடுவில் வெறும் வெள்ளை ரைலை ஒட்டிவிட்டு, கை கழுவிக்கொண்டு போய்விட்டான். இவ்வளவு சின்ன வேலை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த றெசின் வாளியைக் காலால் உதைத்தேன். கால்தான் நொந்தது.

ஆன்சலாவுக்கு வவுனியாவில் பெண்பிள்ளை பிறந்தது. அத்தானை ஓட்டோவில் கொண்டுபோனேன். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பிள்ளையைப் பார்த்தார், தூக்கச் சொன்னபோது கை மணக்கும் என்று சொல்லித் தூக்கவில்லை. விருந்தாளிகளுக்குரிய நேரம் முடிந்ததும் விருந்தாளிகளோடு எழும்பி வந்தார். பிள்ளையும் தாயும் அங்கிருந்து பூவரசங்குளம் போனார்கள்.

கொஞ்ச நாளில் ஒரு காலை நான் அவருடைய வீட்டில் நிற்கும்போது ஆன்சலா போன் எடுத்தாள். அவர் சத்தத்தைக் கூட்டி வைத்துக் கதைப்பவர், எனக்கும் கேட்டது. பின்னால் பிள்ளை கத்துகிற சத்தம், பாத்திரத்தில் தண்ணீர் மொள்ளுகிற சத்தம்.

"பிள்ளைக்கு மாமி தண்ணி வாக்கிறா அப்பா. அதுதான் கத்துறாள்."

"சூடு பாத்தவாவோ? முழங்கையை வைச்சுப் பாக்கச் சொல்லு."

"பாத்தவா அப்பா." பிறகு கேட்டாள், "பாத்றூம் சரிவந்திட்டுதோ?"

"ஓம் பிள்ளை. இப்ப ஒரு சொட்டு இல்லை."

"அடுத்த பிள்ளைக்கு நான் கட்டாயம் அங்கதான் வருவன் அப்பா. சொல்லிப்போட்டன்."

அடுத்த பிள்ளைக்கு எங்கள் பக்கத்தில் யாரும் மகளைத் தாய்வீட்டுக்குக் கூட்டிவருவதில்லை. தலைப்பிள்ளைக்கு மட்டும்தான். அது அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

"ஓம் பிள்ளை. வா," என்றார் அத்தான்.

அங்கே மாமியார் எதற்கோ கூப்பிட, "இந்தா வாறன் மாமி" என்று ஆன்சலா போனை எங்கேயோ வைத்துவிட்டுப் போனாள். நிற்பாட்ட மறந்துவிட்டாள். அத்தான் போனைக் காதோடு சேர்த்துப் பிடித்தபடி நின்றார். தண்ணீர் விழுந்தது, பிள்ளை வீரிட்டது, யாரோ கொஞ்சினார்கள், திரும்பவும் தண்ணீர் விழுந்தது. அவருடைய கண்ணால் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கவில்லை.

"அத்தான், போனை வையுங்கோ," என்றேன்.

"பொறடா," என்றார் மெல்ல. "பிள்ளைக்குத் தண்ணி வாக்கினம்."